முழுசாக இருந்த தகடு

இரவு பதினோரு மணி தாண்டிவிட்டது. நவம்பர் மாதம். வோல்கா பக்கத்துப் புல்வெளியில் அந்தச் சாலைக்கு விளக்கும் கிடையாது, வீடும் கிடையாது. இந்தப் பக்கம் நம் ரஷ்யச் சிப்பாய்களின் கல்லறை. எதிர்ப்பக்கம் ஜெர்மன்காரன்களின் கல்லறை. நடுவில் ஒரே ஒரு லாரி... ஓட்டிக்கொண்டு போனவர், என்னோடு பணிமனையில் வேலை பார்க்கிற பாஷாவின் தாய்மாமன். கதைக்காக அவரை ரோதியோன் என்று வைத்துக்கொள்வோம்.

லாரியின் பின்னால் கறுப்பு அட்டைப் பெட்டிகள். வயல்களில் தோண்டி எடுத்த ஜெர்மன் சிப்பாய்களின் எலும்புகள், பெட்டிக்கு ஓர் ஆள். ஏற்றும்போது, தோண்டும் குழுவின் தலைவர் யெகோர் ஒரு பெட்டியைத் தட்டிக் காட்டியிருந்தார்.

"டேய், இதுல கழுத்துத் தகடு முழுசா இருக்கு, ஆள் யாருன்னு கண்டுபிடிக்கிற நம்பரோட. பத்திரம்."

"முழுசா இருந்தா என்னண்ணே, தங்கமா?"

"செத்தவன் தகட்டை அவன் ஆளுங்க ஒடிச்சிடுவானுங்கடா. ஒரு பாதி பொணத்தோட, ஒரு பாதி வீட்டுக்கு. அதுக்குத்தான் நடுவுல வரிசையா ஓட்டை. இது ஒடியவே இல்ல. அப்படின்னா இவன் செத்த சேதியே வீட்டுக்குப் போகல. இனிமேத்தான் போகப் போவுது."

ரோதியோனுக்குச் சுருக்கென்றது. அவருடைய தாத்தா நஸாரும் இதே புல்வெளியில்தான் ஜெர்மன்காரனோடு நடந்த உலகப்போர்ச் சண்டையில் காணாமல் போனார். எலும்பும் இல்லை, சேதியும் இல்லை. அம்மா க்ளாவ்தியா ஆண்டுதோறும் அவருக்குப் படையலாகக் கோப்பையில் வோட்கா ஊற்றி, மேலே ஒரு துண்டு கறுப்பு ரொட்டி வைப்பாள். கொண்டுபோய் வைக்க ஒரு குழி இல்லாததால் அது சமையலறை மேசையிலேயே கிடக்கும்.

ஓடைப் பள்ளத்தருகே ரோதியோன் லாரியை நிறுத்தினார். பின்னால் ஏறிப் பெட்டியைத் திறந்தார். தகட்டை எடுத்தார். பலங்கொண்ட மட்டும் பள்ளத்தில் வீசினார்.

"எங்க தாத்தா மாதிரியே நீயும் கிட. பேர் இல்லாம!"

காறித் துப்பிவிட்டுக் காதைக் கொடுத்தார். கீழே அது விழுந்த சத்தம் கேட்கவே இல்லை.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் இன்ஜின் இருமி அணைந்தது. ஒரு நாற்றம்... நனைந்த கம்பளி, துருப்பிடித்த இரும்பு. பக்கத்து இருக்கையின் ஸ்பிரிங் 'க்ரீ...ச்' என்று மெதுவாக அமுங்கியது. யாரும் இல்லை. காதுக்குப் பக்கத்தில் நம் ரஷ்ய மொழியிலேயே, ஆனால் நாக்குக் குளறி, ஒரு குரல்.

"பேர்... குடு."

ரோதியோனுக்குக் கால்சட்டை நனைந்துவிட்டது. ஆனாலும் வெறுப்பு, பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"பேரா? எங்ககிட்ட இருந்து எடுத்த பேரை முதல்ல குடுடா நாயே! நஸார்! நஸார் லுகின்!"

பிறகு, மிட்டாயை வாயில் உருட்டுவதுபோல அது சொல்லிப் பார்த்தது. "நஸார்..."

டிக். மெல்லிய தகடு ஒடிகிற சத்தம். ஸ்பிரிங் மேலே எழும்பியது. இன்ஜின் தானாகக் கிளம்பியது.

மறுநாள் புதைப்பதற்கு முன் யெகோர் பெட்டியைத் திறந்தார். தகட்டைக் காணோம். அது இருந்த இடத்தில் ஓர் அலுமினிய ஸ்பூன். நம் சிப்பாய்கள் பேரைக் கீறி வைத்துக்கொள்வது ஸ்பூனில்தானே... அதில் நஸார் லுகின் என்று கீறியிருந்தது.

"நேத்து இது இல்லடா. நான்தானே கழுவி அடுக்கினேன்," என்றார் யெகோர். எலும்போடு கிடந்தது ஜெர்மன் பூட்ஸ். அதனால் பெட்டி எதிர்ப்பக்கக் குழிக்கே போயிற்று. நஸாரின் மகள் என்பதால் ஸ்பூன் க்ளாவ்தியா கைக்கு வந்தது. அவள் அதை முத்தமிட்டுக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, அங்க கிடக்கிறது தாத்தா இல்லம்மா."

"உனக்கு எப்படிடா தெரியும்?"

தகட்டை வீசியதைச் சொல்ல வேண்டும். லாரியைக் கழுவப் போகிறேன் என்று வெளியே நழுவினார்.

அன்று சாயங்காலமே அவள் கோப்பையும் ரொட்டியுமாகக் கிளம்பினாள். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "என்ன க்ளாவா, எதிரிக்கு ஊத்திக் குடுக்கக் கெளம்பிட்டியா? ஊறுகாயும் எடுத்துட்டுப் போயேன்!"

"எங்கப்பாவுக்குடி!" என்று சொல்லிவிட்டு, அதுவரை துப்பக்கூடத் திரும்பாத அந்தப் பக்கத்துக்கு அவள் சாலையைக் கடந்தாள்.

விடியற்காலையில், யாரும் பார்ப்பதற்குள் கோப்பையை எடுத்துவிட ரோதியோன் லாரியில் அந்தக் குழிக்கு விரைந்தார். வோட்கா குறையவில்லை. ரொட்டி மட்டும் பாதிதான் இருந்தது. கத்தி வைத்ததுபோல நேராக ஒடிந்திருந்தது. ஒடிந்த விளிம்பில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள்...

வீட்டுக்கு லாரியை விரட்டினார். அம்மா மேசையில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். முன்னால் ரொட்டியின் மறுபாதி, மண் ஒட்டிக் கிடந்தது.

"அப்பா வந்தாருடா! கதவுக்கு வெளிய நின்னு 'நஸார்'னாரு. உள்ள வாப்பான்னேன். நாக்குத்தான் குளறுது. இத்தனை வருஷம் மண்ணுல கிடந்தவருக்குக் குளறாதா?"

"என்னம்மா கேட்டாரு?"

"வேற என்ன, பேரன் பேரைத்தான் கேட்டாரு."

"சொன்னியா?"

"சொல்லாம இருப்பேனா? முழுப் பேரையும் சொன்னேன்."

வாசலில் நின்ற லாரிக்குள்ளிருந்து... டிக்.

பாஷா வீட்டுக்குப் போனால் இன்றைக்கும் மாமாவைப் பார்க்கலாம். அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவர் நிஜப் பேர் என்ன என்று கேட்டுப் பாருங்கள். பாஷா வாயைத் திறப்பான்... தன் அம்மாவைப் பார்ப்பான். அவள் க்ளாவ்தியாவைப் பார்ப்பாள். ஒருவருக்கும் வராது. மாமா மட்டும் உள்ளங்கையை நீட்டி, மெதுவாக உங்கள் பேரைக் கேட்பார்.

நான் என் பேரைச் சொல்லவில்லை. போன வாரம் என்னோடு வந்தவன் சொல்லிவிட்டான். இதோ, நம்மோடுதான் உட்கார்ந்திருக்கிறான், அந்த ஓரத்தில். அவன் பேர்... இருங்கள்... அவன் பேர்...