ஜெபித்து வாங்கிய கார்டு

போதகரம்மாவின் காப்பி எப்போதுமே நன்றாக இருக்கும், ஐயா. இன்னொரு டம்ளர் கிடைத்தால் வேண்டாமென்று சொல்லமாட்டேன்.

நேற்று ஆராதனையில் என் தங்கை ஷீஜாவின் விவாக அறிவிப்பை முதல் முறை வாசித்தீர்கள். தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்றும் சொன்னீர்கள். எனக்கு முப்பத்தாறு வயதாகிறது. இதுவரை யாரும் எதையும் தெரிவித்து நான் பார்த்ததில்லை. எனக்கு ஒரு தடை தெரியும். அதைச் சொல்லத்தான் காலையிலேயே வந்தேன். கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும்.

கோட்டாற்றில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் மூத்த மகள் கல்யாணத்துக்கும் நான்தான் செய்தேன். இந்த வேலைக்குக் கம்ப்யூட்டரில் நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும். புதியது விற்கிற விலைக்கு என்னால் வாங்க முடியாது. பழையது தேடினேன். போன வருஷம் ஓணம் சமயத்தில், குலசேகரத்தில் பிபினிடம் ஒன்று இருப்பதாகத் தெரிந்தது. ஆமாம், நேற்று நீங்கள் பெயர் வாசித்த அதே பிபின்தான்.

அவன் வீட்டுக்குப் போய்க் கார்டுப் பெட்டியைத் திறந்ததும் ரப்பர் ஷீட் உலர்த்துகிற புகைவாசம் வந்தது.

"அது எங்க வீட்டு வாசம் அண்ணா. வாரண்டி இன்னும் ரெண்டு வருஷம் கெடக்கு" என்றான்.

பில் எங்கே என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவனுடைய அப்பா ஆன்ட்ரூஸ் உள்ளேயிருந்து வந்து, "ஒரு ஜெபம் பண்ணிட்டுக் குடுப்போம் மக்கா" என்றார். மூன்று பேரும் கார்டின் மேல் கைவைத்துக் கண்ணை மூடினோம். நீளமான ஜெபம். கார்டில் இருக்கிற இரண்டு விசிறிகளையும் தனித்தனியே நினைவுகூர்ந்தார். ஆமென் சொன்ன பிறகு பில் கேட்டால் கர்த்தரையே சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும். நீங்களாக இருந்தால் கேட்டிருப்பீர்களா, ஐயா?

ஒன்பதாம் நாள் கார்டு கெட்டது. நேசபாய் டீச்சர் மகளுடைய வீடியோவில், தாலி கட்டுகிற இடத்தில் மணப்பெண்ணின் பாதி முகம் பச்சையாகிவிட்டது. சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். முதலில் வாங்கியவருக்குத்தான் வாரண்டி என்று அங்கிருந்த பெண் மரியாதையாகச் சொன்னாள். பில்லில் பெயர் உள்ளவர் வரவேண்டும், இல்லையென்றால் அவருடைய குடும்பத்தில் ஒருவர். வேறு யார் கொண்டுவந்தாலும் எடுக்கமாட்டார்கள்.

பிபினைக் கூப்பிட்டேன். "வித்த சாதனத்துக்கு நான் எதுக்கண்ணா அலையணும்? எனக்க சொந்தக்காரனுக்குன்னா போலாம்" என்றான்.

நியாயமான பேச்சு. நான் கோபப்படவில்லை. போனை வைத்துவிட்டு மேலே பார்த்தேன். ஷீஜா மொட்டைமாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சின்ன இடைஞ்சல் இருந்தது. அவளுக்கு ஆபேலைப் பேசி வைத்திருந்தோம். நெய்யூரில் லேப் டெக்னீஷியன், நம் சபையிலேயே தங்கமான பையன். இரண்டு மாதமாக இருவரும் தினமும் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவனைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகவே நல்லதாக ஒன்று சொன்னேன். கோயில் வாசலில் ஜெபப்பெட்டி வைத்திருக்கிறீர்களே, அதில் பெயர் போடாமல் ஒரு குறிப்பு எழுதிப் போட்டேன். 'தம்பி ஆபேல் ஒடிசா ஊழியத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுத்திருக்கிறார். அவருக்காக ஜெபிக்கவும்.' இடது கையால் எழுதினேன்.

அடுத்த ஞாயிறு நீங்கள் அதைக் கண்ணீரோடு வாசித்தீர்கள். நானும் கண் கலங்கினேன். ஆபேல் திருதிருவென்று விழித்தான். அதைத் தாழ்மை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பெண்கள் ஐக்கியத்தில் அவனுக்குப் பொன்னாடை போர்த்தி, ஒரு பெட்டியும் கம்பளியும் கொடுத்தார்கள். கூச்ச சுபாவம் உள்ள பையன். பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு, நான் போகவில்லை என்று எப்படிச் சொல்வான்? மூன்றாம் மாதம் ரயிலேறிவிட்டான். அங்கே மலேரியாவுக்கு ரத்தம் பரிசோதிக்கிறானாம். அவனுக்கே இரண்டு முறை வந்துவிட்டது என்கிறார்கள். அவனுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன்.

எங்கள் அம்மா ராகேலை உங்களுக்குத் தெரியும். ஊழியம் என்றால் உருகிப்போவாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும், "ஏலே ஸ்மைலினு, ஒடிசாவுல எனக்க பிள்ளைக்கு நெத்திலி கெடைக்குமா?" என்று கேட்டாள். கிடைப்பது கஷ்டம் என்று சொன்னேன். அதோடு அந்தச் சம்பந்தம் நின்றுபோயிற்று.

ஷீஜாதான் கொஞ்சம் அழுதாள். "அவரு எனக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே அண்ணா" என்றாள். ஊழியக்காரர்கள் அப்படித்தான் என்று ஆறுதல் சொன்னேன். நான்கைந்து மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. அவளை அப்படிப் பார்க்க எனக்கும் வேதனையாகத்தான் இருந்தது. அதனால்தான் பிபினுடைய பேச்சை எடுத்தேன். ரப்பர் தோட்டம் இருக்கிறது, பாடகர் குழுவில் பாடுகிறான், கெட்ட பழக்கம் இல்லை என்று அம்மாவிடம் சொன்னேன். எல்லாம் உண்மை.

நிச்சயம் முடிந்தது. முதலில் முகம் கொடுக்காமல் இருந்தவள் போகப்போகச் சிரிக்க ஆரம்பித்தாள். அவன் போனில் பாடுவானாம். நேற்று நீங்கள் அவர்கள் பெயரை வாசித்தபோது துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. இனி நாங்கள் ஒரே குடும்பம் என்று, மதியமே கார்டை எடுத்துக்கொண்டு குலசேகரம் போனேன்.

"அதுக்கென்ன மச்சான், நாளைக்கே கொண்டு போவோம்" என்று பிபின் பில்லை எடுத்து வந்தான். வாங்கியவர் பெயர் அஜின் என்று போட்டிருந்தது.

"இது யாரு?" என்றேன்.

"எனக்க கூட்டுக்காரன். கத்தார்ல இருக்கான். அவன்கிட்ட இருந்துதான் நான் வாங்கினேன்."

"வாங்கும்போது பில்லைப் பாத்தியா?"

"எங்க பாக்க? அன்னைக்கும் அப்பா ஜெபம் பண்ணிட்டாரு."

நான் சத்தம் போடவில்லை. அவர்கள் கொடுத்த பழக்கேக்கைச் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கையில் இப்படி விளையாடுவார்களா என்று தாங்கமாட்டாமல் இருந்தது. முதலில் வாங்கியவன் இல்லை என்பதை ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா?

ஐயா, நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? காப்பி ஆறுகிறது.

நான் சொல்ல வந்த தடை இதுதான். வருகிற ஞாயிறு இரண்டாம் அறிவிப்பை நீங்கள் வாசிக்க வேண்டாம். பிபினுக்கு மனக்கஷ்டம் வராமல் இருக்க, ஜெபப்பெட்டியில் போட ஒரு குறிப்பு எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். அசாமில் பாட்டு ஊழியத்துக்கு ஆள் தேவைப்படுகிறது. ஷீஜா முன்பு போலவே நான்கைந்து மாதம் சாப்பிடமாட்டாள். அதற்குள் டிசம்பர் வந்துவிடும், அஜின் லீவுக்கு வருகிறான். அவனும் நம் திருச்சபைப் பிள்ளைதான், கல்யாணமும் ஆகவில்லை. கார்டுக்கு இன்னும் பதினொரு மாதம் வாரண்டி இருக்கிறது.

இந்தத் தடவை நான் அவசரப்படவில்லை. இங்கே வருகிற வழியில் அந்தப் பில்லில் இருந்த கடைக்காரரைப் போனில் பிடித்து, பில் அஜினுடைய பெயரில் அவர்கள் போட்டதுதானா என்று கேட்டு உறுதி செய்துவிட்டேன். கூடப்பிறந்தவளுடைய வாழ்க்கை, ஐயா. அதைக்கூட விசாரிக்காமல் ஒரு அண்ணன் கட்டிக்கொடுப்பானா?