சத்தமா வாசிங்க அக்கா

— இல்ல அக்கா, நான் வாசல்லயே நிக்கிறேன். காலெல்லாம் பட்டறை எண்ணெய்.

— தரைதானே, கழுவிக்கலாம். உள்ள வந்து கிட்ட உக்காருங்க தம்பி. போன மாசம் இந்தக் கதவை உடைக்காத குறையாத் தட்டினீங்க. இன்னைக்குப் பூனை மாதிரி சுரண்டுறீங்களே?

— அன்னைக்குப் பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க. சீக்கிரமா வீட்டுக்கு வந்து பாத்தா, சுவத்துக்கு இந்தப் பக்கம் உங்க வயலின் கேக்குது, அவ தேம்பித் தேம்பி அழறா. அதான்...

— "அதை அடுப்புல வைங்க, எம் பொண்டாட்டிய அழ வைக்குது"ன்னு கத்தினீங்க. அடுப்புல வெக்க மனசு வரல. பெட்டியில வெச்சுட்டேன்.

— வயலின் நின்னுச்சு. அவ அழுகையும் நின்னுச்சு. அப்பாடான்னு இருந்தேன் அக்கா.

— அப்புறம் என்ன?

— எல்லாமே நின்னுடுச்சு. பேச்சு இல்ல. தட்டை வெச்சா தட்டையே பாக்குறா. பிள்ளை செத்துப் பொறந்தப்பகூட இப்படி இல்ல. அதுக்கப்புறமும், உங்க வயலின் நிக்கிற வரைக்கும், நான் வேலை விட்டு வர்றப்ப முகம் கழுவி, அடுப்பைப் பத்த வெச்சிருப்பா. "இன்னைக்கு யாரோட மல்லுக்கு நின்னீங்க?"ன்னு கேப்பா. நேத்து தொட்டிலைக் கழட்டினேன். திரும்பிக்கூடப் பாக்கல. டாக்டரும் மாத்திரைய மாத்தி மாத்தித் தர்றாரு. தூங்குறா, அவ்வளவுதான்.

— போன்ல பாட்டு கீட்டு போட்டுப் பாத்தீங்களா?

— வயலின்தான் போட்டேன். பெரிய பெரிய ஆளுங்க வாசிச்சது. கொஞ்ச நேரம் கேட்டா. "நான் இங்க இருக்கிறதே இதுக்குத் தெரியாது"ன்னு சொல்லி அணைச்சுட்டா. கடைசியா அவ பேசினது அதான்.

— ஹ்ம். தம்பி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. என் வயலின் அவளை அழ வைக்கல.

— பின்ன?

— ஒருநாள் மாடிப்படியில என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "அழுதது போதும்ங்கிறாங்க அக்கா. சாயங்காலம் நீங்க கொஞ்சம் சத்தமா வாசிங்க. நான் அழறது யாருக்கும் கேக்காது"ன்னா.

— போதும்னு சொன்னது நான்தான்.

— அன்னையிலேர்ந்து நாற்காலிய உங்க வீட்டுச் சுவரோரமாப் போட்டுக்கிட்டேன். அவ விசும்பினா வில்லை மெல்ல இழுப்பேன். மூச்சு வாங்கினா நானும் நிறுத்துவேன். அவ அடங்குற வரைக்கும் அதே ராகத்துல சுத்திச் சுத்தி வருவேன். நான் தனியா வாசிக்கல தம்பி. ரெண்டு பேருமாத்தான் வாசிச்சோம்.

— எனக்கு ஒண்ணுமே தெரியலையே அக்கா. நான் ஒரு பொட்டு கண்ணீர் விடல. ஒரு ஆளாவது நிமிந்து நிக்கணுமேன்னு... இனிமே வாசிச்சா மட்டும் அவ திரும்பி வருவாளா?

— தெரியலப்பா. தந்தியெல்லாம் தளந்து கெடக்கு. இருங்க, முறுக்கிக்கிறேன். ம், வாசிக்கிறேன், நீங்க சுவத்துல காதை வைங்க. அந்தப் பக்கம் என்ன கேக்குது?

— ஒண்ணும் இல்ல.

— இப்போ?

— ஒண்ணுமே இல்ல அக்கா. விட்டுடுங்க. போனது போனதுதான்.

— பேசாம கேளுங்க. இப்போ?

— கட்டில் கிரீச்சுங்குது... சுவத்துக்கிட்ட வந்துட்டா போல. அக்கா... அக்கா, அழறா! எம் பொண்டாட்டி அழறா!

— அழட்டும், நல்லா அழட்டும். உங்க வீட்டு அடுப்பு மறுபடி எரியட்டும், ரெண்டு பேரும் நல்லா இருங்க. நீங்களும் அப்படியே சுவத்துல சாஞ்சு அழுங்க தம்பி. நான் இன்னும் சத்தமா வாசிக்கிறேன்.