சேலை சுற்றிய பழைய பேப்பர்

அரிசிக்குக் கியூவில் நின்ற காலம். ஒரு நாள் காலை, திருகோணமலையிலிருந்து மூதூருக்குப் போகும் லோஞ்ச் படகில் எனக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். மெலிந்தவரின் மடியில், பழைய பேப்பரில் சுற்றிய புதுச் சேலை ஒன்று இருந்தது. தடித்தவர் குனிந்து அந்தப் பேப்பரை வாசித்துவிட்டுச் சொன்னார்:

“மச்சான், பேப்பர் ஒன்பது வருசம் பழசு. செய்தி ஒண்டும் பழுதாகேல்ல.”

நான் கடலைப் பார்ப்பதுபோல் இருந்துகொண்டு காதைக் கொடுத்தேன்.

“வாசியன்.”

“‘அரிசித் தட்டுப்பாடு விரைவில் நீங்கும்.’”

“நேற்றும் கியூவில நிண்டனான்.”

“‘மூதூர் வீதிக்கு விரைவில் பாலம்.’”

“அதுதான் லோஞ்சில ஆடி ஆடிப் போறம்.”

“‘தெருவிளக்குகள் விரைவில் எரியும்.’”

“முந்தநாள் இருட்டில மாட்டோட முட்டினனான்!”

மெலிந்தவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். தடித்தவர் சிரிக்கவில்லை.

“குசினி கட்டித் தாறன் எண்டு மனிசிக்கு எத்தின வருசமாச் சொல்லுறாய்?”

“நாலு.”

“மழைக்க நிண்டு சமைக்க ஏலாமத்தானே அவ தாய் வீட்ட போனவ. சேலையைக் கண்டோடன வந்திடுவாவோ?”

“இந்தமுறை கட்டாயம் கட்டுவன் எண்டு சொல்லப்போறன்.”

“மேசனோட கதைச்சனியோ?”

“கெதியில கதைப்பன்.”

“அப்ப சேலையை விட்டிட்டுப் பேப்பரைக் குடு. உன்ர ‘கெதியில’யும் அதின்ர ‘விரைவில்’லும் ஒரே கதைதான்.”

மூதூரில் எல்லோரும் இறங்கினோம். மெலிந்தவர் மட்டும் சேலையை மடியில் வைத்தபடி அசையாமல் இருந்தார்.

“இறங்கன், மச்சான்!” என்று தடித்தவர் கரையில் நின்று கத்தினார்.

“மேசன்ர வீடு திருகோணமலையில, லிங்கநகரில எல்லே,” என்றார் மெலிந்தவர். “இந்த லோஞ்சிலயே திரும்பிப் போறன்.”