ஒத்த நகம்

இல்லம்மா, பத்து வெரலும் வேணாம். இந்த ஒரு வெரலுதான், வலது கை ஆள்காட்டி வெரலு. மத்த ஒன்பதும் நல்லாத்தான் இருக்கு, அதுங்களத் தொடாத. கலர் வேணாம், பூ வேணாம், பொம்மை வேணாம். ஒடைஞ்ச எடத்துல ஒரு நகத்த ஒட்டிக் குடு, போதும். என்னது, ஒத்த வெரலுக்கெல்லாம் பண்றதில்லையா? பத்து வெரலு பண்ணதா நெனச்சுக்கம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்.

எதுக்கா? சேத்தார் வாசிக்க, அதான் அந்த நாலு தந்தி வாத்தியம். ஆமா, நானேதான். ஏன், இந்த மூஞ்சி வாசிக்கக் கூடாதா? சிரி சிரி, எங்க வீட்ல எல்லாரும் சிரிச்சு முடிச்சாச்சு. உனக்குத் தெரியுமோ என்னமோ, தாருங்கற பெரிய வாத்தியம்னா பித்தளத் துண்ட வச்சு மீட்டிக்கலாம். சேத்தாருக்கு அதெல்லாம் கெடையாது, நகத்தாலதான் மீட்டணும். நகம் இல்லன்னா வெரல் சதை தந்தியில பட்டு, ஈரத் துணிய ஒதர்ற மாதிரி ஒரு சத்தம் வரும்.

நாலு மாசம்மா! நாலு மாசமா இந்த நகத்த மாப்பிள்ளை மாதிரி தாங்குனேன். பாத்திரம் தேய்க்கறப்ப இந்த வெரலுக்கு மட்டும் தனியா ஒரு ஒறை. கீரை ஆயறப்ப இது மட்டும் வானத்தப் பாத்து நிக்கும். போன் வந்தா மூக்கால அமுக்கி எடுப்பேன். அப்படிக் காப்பாத்துன நகம், இன்னிக்குக் காலைல போயிடுச்சு.

எப்படின்னு சொன்னா சிரிக்கக் கூடாது. பிஸ்தா. விருந்தாளி வர்றாங்களேன்னு தட்டுல கொட்டி வச்சேன். அதுல ஒண்ணு வாயத் தொறக்காமக் கெடந்துச்சு. பிஸ்தா வெளையுற கெர்மான்ல பொறந்தவளுக்கு வாய் மூடுன பிஸ்தாவப் பாத்தா கை சும்மா இருக்குமா? இன்னொரு பிஸ்தாவோட தோட்ட வச்சு நெம்பியிருக்கலாம், சின்னப் புள்ளைக்கும் தெரியும். எனக்குத்தான் இத்தன பெரிய நகம் இருக்கேங்கற திமிரு, இத உள்ள விட்டுட்டேன். டக்குன்னு ஒரு சத்தம். பிஸ்தா அப்படியே இருக்கு! அழுகையே வந்துடுச்சு எனக்கு. ஆத்திரத்துல சுத்தியல எடுத்து ஒரு போடு போட்டேன். உள்ள பருப்பே இல்லம்மா.

மெதுவா ராவு, மெதுவா ராவு. ரொம்ப நீளமும் வேணாம், தந்தியில சிக்கும். அஞ்சு மணிக்கு வர்றாங்க. யாரா? பொண்ணு பாக்க வர்றாங்கம்மா. ஆமா, எங்க வீட்டுக்குத்தான். மாப்பிள்ளையும் அவரோட அக்காவும், பூ, ஸ்வீட்டோட. என் மக அர்கவான் காலைலேர்ந்து வீட்டத் தலைகீழாப் பொரட்டிட்டிருக்கா. நல்லாயிரு கண்ணு, உன் வாய் முகூர்த்தம் பலிக்கட்டும்.

அதுக்கு நான் எதுக்கு வாசிக்கணுமா? எல்லாம் எங்கண்ணன் ஹூஷங் பண்ண வேலை. அப்பா போனதுக்கப்புறம் அவரு தலையாட்டாம எங்க வீட்ல ஒரு கல்யாணம் நடந்ததில்ல. போன வெள்ளிக்கெழம வந்தாரு, உக்காந்தாரு, மூணு டீ குடிச்சாரு. ரெண்டு வருஷமா வகுப்பு வகுப்புன்னு ஓடுறியே, நெசமாவே சேத்தார்தான் கத்துக்கிட்டியா? வர்றவங்க முன்னாடி ஒரு பாட்டு தப்பில்லாம வாசி, நான் சரின்னு சொல்றேன், இல்லன்னா தொப்பிய எடுத்துட்டு எந்திரிச்சுப் போயிடுவேன்னுட்டாரு. அவரு போனா சம்பந்தமும் அதோட போச்சு. சொன்னதச் செய்ற ஆளு, கழுதைப் பிடிவாதம்.

எனக்குத் தெரிஞ்சதே ஒன்றரைப் பாட்டு. அந்த ஒண்ணுலயும் நடுவுல ஒரு எடம் இருக்கு, அங்க போனா கண்டிப்பா வழுக்கும். எங்க தல்அத் டீச்சருக்கு என் மக வயசுதான், ஆனா கண்ணாடிய எறக்கிப் பாத்தான்னா எனக்கு உள்ளங்கை வேர்த்துடும். அவ ரெண்டு வருஷத்துல ஒரு தடவகூட என்னத் திட்டுனதில்ல. நல்லா வாசிச்சதாலன்னு நெனைக்கறியா? அதான் இல்ல.

வகுப்புல தொம்பக் மேளம் தட்ட இனாயத்துன்னு ஒருத்தரு வருவாரு, முப்பது வருஷம் பாம் ஊருக்கு பஸ் ஓட்டுனவரு. நான் வாசிச்சா நடுவுல அவரு மேளத்துல ஒரு அடி தப்பா விழும். டீச்சர் உடனே அவரு பக்கம் திரும்பிடுவா. தூங்குறீங்களா, பஸ்ஸையும் இப்படித்தான் ஓட்டுனீங்களான்னு கேப்பா. அவரு தலையச் சொறிஞ்சுட்டு மன்னிச்சுக்குங்கன்னுவாரு. பாவம், மனுசனுக்குத் தாளம் நிக்கல போலன்னு நானும் நெனச்சேன். அப்புறம் பாத்தா, மத்தவங்க வாசிக்கறப்ப கடியாரம் மாதிரி தட்டுறாரு! நான் எந்த எடத்துல வழுக்கறேனோ, அந்த எடத்துல மட்டும்தான் அவருக்கும் கை வழுக்குது. இது எனக்குப் புரியவே எட்டு மாசம் ஆச்சு கண்ணு. அன்னிக்கு வீட்டுக்கு வந்து சமையல்கட்டுல தனியா நின்னு சிரிச்சேன், அப்புறம் அழுதேன்.

ஆமா, இன்னிக்கு அவரும் வர்றாரு, மேளத்தோட. அதான் எனக்குக் கிலி. நான் வழுக்கி, பழக்க தோஷத்துல அவரும் வழுக்குனா, எங்கண்ணன் ரெண்டு தப்புன்னு எண்ணிடுவாரு. இன்னிக்கு ஒரு நாளாவது சரியாத் தட்டுங்கன்னு போன்ல கெஞ்சுனேன். பாக்குறேன், ஆனா கை என் பேச்சக் கேக்காதேங்கறாரு.

அவரு எதுக்கு வரணுமா? நல்லாக் கேட்ட போ. மாப்பிள்ளை வராம பொண்ணு பாக்கறதா?

ஏன்மா கைய விட்டுட்ட? அவரு வயசா? அறுபத்திமூணு. ஆமா, அறுபத்திமூணுதான், பல்லெல்லாம் சொந்தப் பல்லு. எதுக்கு இப்படி மொறைக்கற, நீயும் எங்கண்ணன் கட்சியா? யாரு, அர்கவானா? அடி லூசு, அவளுக்கு எதுக்கு மாப்பிள்ளை, அவளுக்குத்தான் புருஷன் இருக்கான், ரெண்டு புள்ளைங்க இருக்கு. அவ அப்பா போயே பதினோரு வருஷம் ஆச்சும்மா.

பொண்ணு வயசா? எனக்கு வர்ற மாசம் அம்பத்தெட்டு முடியுது. சரி சரி, கண்ணத் தொடச்சுட்டு ஒட்டு. நேராப் பிடி, கோணலா ஒட்டுனா எங்கண்ணன் அதையும் ஒரு தப்புன்னு எண்ணிடுவாரு.