குண்டோல்ஃபின் ஊசி

ரோன் மலையில் ஜூலையிலும் கம்பளிச் சட்டை வேண்டும், ஐயா. விசாரணைக்கு வந்த நீங்கள் கொண்டுவரவில்லை போலிருக்கிறது.

குண்டோல்ஃபும் நானும் ஒரே கொட்டகையில்தான் வேலை செய்தோம். எஞ்சின் இல்லாத விமானங்களை மரமும் துணியும் பசையுமாக நாங்களே கட்டினோம். அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. போட்டியில் வருடாவருடம் அவன் முதல், நான் இரண்டாவது. எனக்கு அதில் வருத்தமில்லை. அவன் இடிமேகங்களைத் தேடிப் போவதுதான் கவலை. மேகம் தூக்கிவிடும் உயரத்தை மலைச்சரிவுக் காற்று தராது. ஆனால் உள்ளே போனால் மேல் எது, கீழ் எது என்று உடம்புக்குத் தெரியாது. விமானம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று காட்ட ஓர் ஊசி உண்டு. அதை மட்டும்தான் நம்பவேண்டும்.

போட்டிக்கு முந்தின நாள் அவன் மனைவி இர்ம்ட்ரௌட் என்னிடம் வந்தாள்.

"ஃபோல்க்மார், நீ சொன்னா கேப்பாரு. மேகத்துக்குள்ள போக வேணாம்னு சொல்லேன்."

சொன்னேன். குண்டோல்ஃப் சிரித்தான். "பயமா இருந்தா நீ வெளியிலயே சுத்துடா. ரெண்டாவது எடம் உனக்குப் பழகினதுதானே."

அவனை மேகத்துக்குள் விடமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அதனால் காலையில், அவன் விமானத்தில் ஊசியை ஆட்டும் காற்றுக்குழாயில் கொஞ்சம் மெழுகை அடைத்தேன். ஊசி அசையாவிட்டால் மேகத்தை விட்டு விலகிவிடுவான் என்று நினைத்தேன்.

விமானத்தைக் கவண்கல்போல வீச, அதன் மூக்கில் மாட்டிய ரப்பர் கயிற்றை இழுத்துக்கொண்டு ஆட்கள் சரிவில் ஓடினார்கள். அவன் எழும்பினான், அடுத்து நான். மேற்கே கரிய மேகம். அவன் தயங்காமல் நுழைந்தான். சற்று நேரத்தில் ஓர் இறக்கை மட்டும் வெளியே வந்தது. மெதுவாகச் சுழன்றுகொண்டே இறங்கியது.

நான் அதே மேகத்துக்குள் போனேன். என் ஊசி நன்றாக வேலை செய்தது. அன்று நான் எட்டிய உயரத்தை வேறு யாரும் எட்டவில்லை.

"சொன்னியா அவர்கிட்ட?" என்று நான் தரையிறங்கியதும் இர்ம்ட்ரௌட் கேட்டாள். சொன்னேன் என்றேன். அது பொய்யில்லை.

கயிறு இழுத்தவர்கள் உங்களிடம் சொன்னதும் உண்மைதான். புறப்படும் முன் குண்டோல்ஃப் என்னைக் கூப்பிட்டு, "ஊசியப் பாத்தியாடா?" என்று கேட்டான்.

"பாத்தேன். குளிர்ல கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருக்கு. மேகத்துக்குள்ள போனா சரியாயிடும்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்கிறீர்கள். புறப்படுகிற நேரத்தில் ஒருவனைக் கலவரப்படுத்தக் கூடாது, ஐயா. அவன் நிம்மதியாகப் போகவேண்டும் என்றுதான் நினைத்தேன்.