எழுத்து உள்பக்கம்

ஹலோ... ஹலோ, சேவியர் தம்பியா?... நான்தான், டன்லப் ஸ்ட்ரீட் பாப்பாத்தி. புடவைக் கடை... ஆமா ஆமா. என்ன தம்பி, மூணு தடவை அடிச்சேன், எடுக்கவே இல்லை... மெஷின் சத்தமா? இப்ப ஒண்ணும் கேக்கலையே... ஓ, நிறுத்திட்டீங்களா. எனக்காகவா? என்ன இவ்வளவு மரியாதை!

ஏன் உங்க குரல் கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கு?... கையெல்லாம் பசையா. சரி, போனைக் கீழ வச்சிட்டே பேசுங்க, பரவாயில்லை.

இல்ல இல்ல, நீங்க அடிச்சுக் கொடுத்த பேனர் நல்லா இருக்கு. இன்னும் கட்டலை. நாளைக்கு வெள்ளிக்கிழமை, நாளைக்குத்தான் கட்டறதா இருந்தேன்... ஆமா, இருந்தேன். இப்ப தெரியலை. தம்பி, நான் ஒண்ணு கேப்பேன், சுத்தி வளைக்காம பதில் சொல்லணும். எங்க பேனரை யாருக்குக் காமிச்சீங்க?...

யாருக்குமே இல்லை. சரி. அப்ப எதிர்க்கடை திலீப்புக்குக் கனவுல வந்து யாரு சொன்னா?...

என்னவா? எங்க பேனர்ல என்ன எழுதியிருக்கு? 'காலையில் புடவை, மாலையில் பிளவுஸ்.' புடவை எடுத்த அன்னிக்கே தைச்சு கையில கொடுத்துடுவோம். இந்தத் தெருவுல எவனும் செய்யாதது. இதுக்காக சுவா சூ காங்ல ரெண்டு தையல்காரம்மாங்க வீடு தேடிப் போய், கெஞ்சிக் கூத்தாடி, தீபாவளி வரைக்கும் வேற வேலை எடுக்காதீங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். இந்தத் தீபாவளியை விட்டா எனக்கு கடையே இல்லை தம்பி, அது உங்களுக்கும் தெரியும். நேத்து சாயங்காலம் திலீப் கடையில ஒரு பேனர் ஏறுது. என்ன எழுதியிருக்கு தெரியுமா? 'காலையில் புடவை, மதியமே பிளவுஸ்.' மதியமே!... சிரிக்காதீங்க. எனக்கு ராத்திரி பூரா தூக்கமில்லை, நீங்க சிரிக்கறீங்க.

அதை நீங்க அடிச்சதா?... இல்லையா?... ம், அது துணி பேனர்தான், பளபளப்பு இல்லை. உங்க கை மாதிரி தெரியலை. சரி, அதை நம்பறேன்.

ஆனா விஷயம் எப்படிப் போச்சு? தையல்காரம்மாங்களுக்குக்கூட எதுக்குன்னு சொல்லலை. தெரிஞ்சது நாலே பேருக்கு. நான். என் தம்பி ஜெய். அவன் பொண்டாட்டி தாரணி. அப்புறம் நீங்க. ஜெய்க்கு சாங்கி ஏர்போர்ட்டுல கார்கோ வேலை, வீட்டுக்கு வந்தா தூங்கத்தான் நேரம் இருக்கு. நான் வாயத் தொறக்கலை. மிச்சம் யாரு?... உங்கள சொல்லலை... சொல்லலைன்னா சொல்லலை, ஏன் பதறறீங்க?

கேளுங்க. தாரணி கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வேலை பாத்தா? திலீப் கடையில. முழுசா மூணு வருஷம். தெரியாதா? தெரிஞ்சுக்குங்க. போன ஞாயித்துக்கிழமை ஸ்டோர் ரூம் பக்கம் போறேன், அவ சுவத்தப் பாத்து நின்னுக்கிட்டு போன்ல குசுகுசுன்னு பேசறா. 'அவங்களுக்குத் தெரிய வேணாம்'னு என் காதால கேட்டேன். என்னைப் பாத்ததும் டக்குனு வச்சிட்டா. போன் திரையில பேர் தெரிஞ்சிச்சு. யாரு பேரு? உங்க பேரு தம்பி!

அதான் கேக்கறேன். அவ உங்ககிட்ட எங்க பேனர் பைலைக் கேட்டாளா?...

'அது வந்து' எல்லாம் வேணாம். ஆமாவா, இல்லையா?...

ஆமா. பாத்தீங்களா! பாத்தீங்களா! என் சந்தேகம் தப்பாவே போகாது.

எதுக்குக் கேட்டா?... அவகிட்டயே கேக்கணுமா? கேட்டாச்சு. காலையிலேயே கேட்டாச்சு... கடையில வச்சுத்தான்... ஆமா, கஸ்டமர் இருந்தாங்க. மங்களம் டீச்சர் இருந்தாங்க, இன்னும் ரெண்டு பேர் புடவை பிரிச்சுப் பாத்துக்கிட்டிருந்தாங்க. என்னால அடக்க முடியலை... 'திலீப் கடை உப்பு இன்னும் நாக்குல ஒட்டிக்கிட்டிருக்கா, எங்க வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு அங்க போய்க் கக்கிட்டு வர்றியா'ன்னு கேட்டேன்...

யாரு அங்க இருமறது?... உங்க ஆளா. சரி.

அவ என்ன சொன்னாளா? கடை சாவிய மேசை மேல வச்சா, பையைத் தூக்கினா, போயிட்டா. தப்பு பண்ணாதவ அப்படிப் பேசாம போவாளா? நீங்களே சொல்லுங்க... என்ன, போவாளா? நீங்க யாரு பக்கம் பேசறீங்க?

சரி, உங்க பக்கத்து விவரம் சொல்லுங்க. எங்களுக்கு எத்தனை பேனர் அடிச்சீங்க?... ஒண்ணா?... ஆ, ரெண்டு. ரெண்டுன்னு சொல்லுங்க. சனிக்கிழமை ஒண்ணு வந்துச்சு, செங்கல் கலர்ல. நான் வேண்டாம்னு திருப்பி அனுப்பினேன்... போன்ல பாத்தப்ப குங்குமச் சிவப்பு தம்பி!... திரை வேற, மை வேற. தெரியும், அன்னிக்கே சொன்னீங்க. சின்னதா ஒரு துண்டு அடிச்சு அனுப்பறேன், கையில வச்சுப் பாருங்கக்கான்னீங்க. நான்தான் அவசரத்துல போன்லயே ஓகேன்னு கட்டைவிரல் படம் போட்டு அனுப்பிட்டேன். ஒத்துக்கறேன். திங்கக்கிழமை புதுசு வந்துச்சு, கலர் சரியா இருந்துச்சு. அது முடிஞ்ச கதை.

அந்தச் செங்கல் கலர் பேனர் எங்க?

...சேவியர். அந்த பேனர் எங்க?

குப்பையில போடலையா?... பார்சல் சுத்தவா?... ஆமா, பிவிசி, தண்ணி இறங்காது, புரியுது. வீணாப்போன பேனரையெல்லாம் அப்படித்தான் பண்ணுவீங்களா?... இந்தத் தொழில்ல எல்லாருமே அப்படித்தானா. சரி. யாரு பார்சலுக்குச் சுத்தினீங்க?... செவ்வாய்க்கிழமை. ம். டன்லப் ஸ்ட்ரீட். ம்... தெரு பேரைக் கேக்கலை, ஆள் பேரைக் கேக்கறேன்!...

என்ன சாமான்?... ஆளுயர கட்அவுட். ஃபோம் போர்டு, மழை பட்டா ஊறிடும். புடவை கட்டின பொண்ணு, கை கூப்பிக்கிட்டு...

அந்தப் பொண்ண நான் இப்ப பாத்துக்கிட்டுத்தான் நிக்கறேன். எதிர்க்கடை வாசல்ல நின்னு என்னைப் பாத்துக் கும்பிடறா. திலீப்புக்கும் நீங்கதான் செஞ்சு கொடுக்கறீங்களா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!...

இல்ல. நான் நம்பலை. இது கதை. அவ உங்களுக்குப் போன் பண்ணி அழுதிருப்பா, நீங்க மனசு இறங்கி இப்படி ஒண்ணு ஜோடிக்கறீங்க... சத்தியமெல்லாம் வேணாம். செவ்வாய்க்கிழமை அந்த பார்சல் இறங்கறப்ப நான் வாசல்லதான் நின்னேன். அது உங்க வேன்னு இப்பத்தான் தெரியுது. வெள்ளையாத்தான் சுத்தியிருந்துச்சு. ஒரு எழுத்து தெரியலை...

உள்பக்கமா? எழுத்தை உள்பக்கம் வச்சு சுத்துவீங்களா? எதுக்கு?... மரியாதைக்கா. ஒரு கஸ்டமர் பேரு தெருவுல தெரியக் கூடாதுன்னா... ஐயோ சேவியர்! தெருவுக்கு மறைச்சிட்டு திலீப் கையில விரிச்சு வச்சிருக்கியேப்பா!

இருங்க. வைக்காதீங்க. அவன் கடை முன்னாடி அஞ்சடிப் பாதையில பெட்டிகளை அடுக்கி மேல ஒரு வெள்ளை ஷீட் போட்டு மூடியிருக்கான். சாரல் அடிக்குதுல்ல. ரெண்டு நாளா அது அங்கதான் கிடக்கு. நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்... போறேன். இப்பவே போறேன். கடையைப் பாத்துக்க ஆள் இல்லை, பரவாயில்லை, அவதான் போயிட்டாளே... ரோட்டைத் தாண்டறேன், இருங்க... போறேன் லா, ஏன் ஹாரன் அடிக்கற!

...வணக்கம் திலீப். மழைதான், ஆமா. விடவே மாட்டேங்குது. இல்ல, சும்மா வந்தேன். இந்த ஷீட் நல்ல கனமா இருக்கே, எங்க வாங்கினீங்க?... பார்சலோட வந்துச்சா. அப்படியா. ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பாக்கறேன்... ஏன், என்ன அவசரம், நீங்க இருங்க. நானே தூக்கிக்கறேன்...

...

தம்பி. இருக்கீங்களா?

செங்கல் கலர்.

எங்க கடை பேரு இருக்கு. 'மாலையில் பிளவுஸ்' இருக்கு. எல்லாம் இருக்கு... அவனா? உள்ள போயிட்டான். கணக்கு பாக்கற மாதிரி குனிஞ்சுக்கிட்டிருக்கான். அவனை அப்புறம் பாத்துக்கறேன்.

இருங்க, இதென்ன போன் நம்பர்? இது எங்க பழைய கடை நம்பர் இல்ல? பஃபலோ ரோட்டுல இருந்தப்ப வச்சிருந்தது. அந்த லைனை வெட்டி நாலு வருஷம் ஆச்சே. இது எப்படி பேனர்ல வந்துச்சு?... நான் கொடுத்த விசிட்டிங் கார்டுலேருந்தா?... டிராயர்லேருந்து எடுத்துக் கொடுத்தேன். பழைய கார்டா எடுத்துக் கொடுத்திருக்கேன்?... நம்பரைச் சரி பாருங்கக்கான்னு ரெண்டு தடவை எழுதினீங்களா... நான் ரெண்டு தடவையும் கட்டைவிரல் போட்டேன். ம்.

அப்ப புது பேனர்ல? கடையில இருக்கறதுல?... அது சரியா இருக்கா. யாரு மாத்தினா?...

ஞாயித்துக்கிழமை.

...தாரணி.

அதுக்குத்தான் பைலைக் கேட்டாளா? திருத்தறதுக்கா?... அப்புறம் எதுக்கு 'அவங்களுக்குத் தெரிய வேணாம்'னா?... நானா? நான் ஒடிஞ்சு போயிடுவேன்னா... கலர் தப்பாயிடுச்சுன்னு சனிக்கிழமை நான் சாப்பிடலை, ஆமா. அதை அவ பாத்தாளா. நம்பரும் என் தப்புன்னு தெரிஞ்சா தாங்கமாட்டேன்னு சொன்னாளா...

மழைச் சத்தம் தம்பி. இல்ல, அழலை. மழைச் சத்தம்தான்.

நாலு வருஷமா செத்துப்போன நம்பரைத் தூக்கி வாசல்ல கட்டியிருப்பேன். கூப்பிட்டவங்க யாருக்கும் மணி அடிச்சிருக்காது. அவ காப்பாத்தியிருக்கா. நான் என்ன பண்ணேன்? மூணு பேர் முன்னாடி சோத்தைச் சொல்லிக் காட்டினேன். என் வாயில நெருப்பை வைக்க. இப்ப அவ எங்க போய் நிக்கறாளோ. ஜெய் தூங்கறான், அவனை எழுப்பி என்னன்னு சொல்லுவேன்...

என்ன?... எங்க?

ஜூரோங்லயா? உங்க கடையிலயா? எப்ப வந்தா?... பன்னெண்டு மணியிலேருந்தா?... உண்மையை உங்க வாயாலேயே எனக்குச் சொல்ல வைக்கவா... அதான் என் போனை எடுக்கலையா நீங்க. அதான் மெஷினை நிறுத்தினீங்களா.

அப்ப இருமினது... தம்பி, ஸ்பீக்கர்லயா போட்டிருக்கீங்க?... எப்பலேருந்து?

'ஹலோ'விலேருந்தா.

...தாரணி.

தாரணி, இருக்கியா?... ம்... சாப்டியா? இல்ல, அதைக் கேக்க வரலை. அதைக் கேக்க வரலைமா. இரு, நான் கடைக்குள்ள போயிடறேன், இங்க ரோட்டுல நின்னுக்கிட்டு... இரு, வச்சிடாத...

வந்துட்டேன். தாரணி, நான் தப்பு பண்ணிட்டேன். நம்பரும் என் தப்பு, கலரும் என் தப்பு, உன்னைச் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. உன் சாவி வச்ச இடத்துலயே இருக்கு. நான் தொடலை... நாளைக்கு பேனர் கட்டலை. திலீப் மதியமே தைக்கட்டும், விடியறதுக்குள்ள தைக்கட்டும், எனக்கென்ன. நீ வர்ற அன்னிக்குக் கட்டறேன். நீதான் கட்டணும்.

மங்களம் டீச்சர் நாலு மணிக்கு பிளவுஸ் வாங்க வர்றாங்க. அவங்க முன்னாடியே சொல்றேன், நீ பக்கத்துல நில்லு. ஒரு டாக்ஸி புடிச்சா...

வரமாட்டியா?... நீ இல்லாதப்பவா? நீ இல்லாம நான் மட்டும் சொல்லணுமா? ஏன்மா?...

...

ஆமா. நீ நின்னா, வீட்டுச் சண்டையை மூடி மறைக்கறோம்னுதான் நினைப்பாங்க. உனக்காகச் சொல்றேன்னு நினைப்பாங்க. சரி. ஒத்தையா நின்னு சொல்றேன்... மத்த ரெண்டு பேருக்குமா? சொல்றேன், அவங்க நம்பர் பில்லுல இருக்கு, போன் பண்றேன்... பாத்துப் படிச்சுத்தான் அடிப்பேன். ஒவ்வொரு நம்பரா.

அதுக்கப்புறம் வருவியா?... 'பாக்கலாம்'னா? சரி. நான் அதுக்கு மேல கேக்க முடியாது. பாக்கலாம்னா பாக்கலாம்... தாரணி?... ஹலோ?... ஹலோ?...

வச்சிட்டா.

...வாங்க டீச்சர். நாலு மணின்னு சொன்னீங்க, சீக்கிரமே வந்துட்டீங்க. பிளவுஸ் ரெடிதான், இதோ பையில இருக்கு. கொஞ்சம் உக்காருங்க. இதைக் கொடுக்கறதுக்கு முன்னாடி... காலையில நான் தாரணியைச் சொன்னது அத்தனையும் பொய்.