பச்சையா, சிவப்பா

உங்கள் ஸ்டேஷன் டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், சார். பரவாயில்லை. நிதானமாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் துளசிராமன். கும்மிடிப்பூண்டியில் பதினாறு வருடமாக ப்ரெஸ் ஷாப் சூப்பர்வைசர். தகட்டை அழுத்தி வளைக்கும் ப்ரெஸ் மெஷினில் ஒரு சென்சார் உண்டு. கை உள்ளே போனால் மெஷின் நின்றுவிடும். சென்சார் வேலை செய்தால் பச்சை விளக்கு, இல்லாவிட்டால் சிவப்பு. சட்டை நுனி பட்டாலும் நின்று தொலைக்கும். அவசர ஆர்டர் என்றால் ஒரு துண்டு வயரை மாட்டி சென்சாரை ஏமாற்றி ஓட்டுவேன், விளக்கு மட்டும் சிவப்பாகவே எரியும்.

போன வருடம் அப்படி ஓடியபோது குப்புராஜுக்கு இரண்டு விரல் போனது. ஆட்கள் கூடுவதற்குள் வயரைப் பிடுங்கி பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். பக்கத்து மெஷினில் நின்ற எட்வர்ட் அதைப் பார்த்துவிட்டான்.

எட்வர்ட் ஒளிவுமறைவு தெரியாதவன். எல்லோரிடமும் சொன்னான். மெஷினைத் திறந்து பார்த்தார்கள், வயர் இல்லை. அவனுக்குத் தூக்கம் போயிற்று. பத்தாவது நாள் புதுவாயலில் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி ஜெனிபர் அழுதாள்.

"செவுத்தயே பாத்துக்கினு வயரு வயருன்றாருண்ணே. சோறு தண்ணி இல்ல. எனக்கு பேஜாரா கீது."

எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. இல்லாததைப் பார்ப்பது ஒரு நோய், குணமாகிவிடும் என்றேன். மனநல ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடித்தது நான். கையெழுத்துப் போட்டது அவள்.

ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் போய்ப் பார்த்தேன். அங்கே பேண்டில் நாடா வைக்க விடமாட்டார்கள். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே நடந்து வருவான். மாத்திரையால் கை நடுங்கும், நான் உரித்துக் கொடுத்த ஆரஞ்சுச் சுளை கீழே விழும். டாக்டர் என்னிடம் கேட்டார், அங்கே வயர் எதுவும் இருந்ததா என்று. இல்லை என்றேன். நோய் என்று எழுதியது அவர்தான்.

ஏழாவது ஞாயிறு எட்வர்ட் என் கையைப் பிடித்துக்கொண்டான். "வயரே இல்லண்ணே. நான்தான் தப்பா பாத்துட்டேன்."

அந்த வாரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்குக் கண் கலங்கியது, சார்.

கண்ணில் படுவதில் சந்தேகம் வந்தால் நம்பிக்கையான ஒருவரைக் கேள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அவன் என்னைத் தேர்ந்தெடுத்தான். மேனேஜரிடம் பேசி அவனுக்குப் பழைய வேலையை வாங்கிக் கொடுத்தேன். ஷிப்டுக்குப் பத்து தடவையாவது கேட்பான். "அண்ணே, தரையில எண்ண கீதா?" இருக்கிறது, பார்த்துப் போ என்பேன். போன செவ்வாய்க்கிழமை வரை அவனிடம் ஒரு பதிலும் தப்பாகச் சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமை அவசர ஆர்டர், லாரி கேட்டில் நின்றது. அவன் மெஷினில் வயரை மாட்டினேன். எட்வர்ட் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றான்.

"அண்ணே, எனக்கு செவப்பா தெரியுது. லைட்டு இன்னா கலரு?"

சிவப்பு என்று சொன்னால் வயரைச் சொல்ல வேண்டும். அப்புறம் போன வருடத்து வயரைச் சொல்ல வேண்டும். அந்த ஏழு வாரத்தையும் சொல்ல வேண்டும்.

"பச்சைப்பா" என்றேன்.

தலையாட்டினான். தன்னைப் பார்த்தே கொஞ்சம் சிரித்துக்கொண்டான். தகட்டை வைக்கக் கையை உள்ளே விட்டான்.

இந்த முறை வயரைப் பிடுங்கவில்லை, அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அதனால்தான் அந்த வயர் இப்போது உங்கள் மேஜையில் கிடக்கிறது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்று காலை, உங்கள் ஆட்கள் என்னைக் கூப்பிட வருவதற்கு முன்னால், ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்தேன். வலது கைக் கட்டு மணிக்கட்டோடு முடிந்திருந்தது.

"அண்ணே, வெரலு வலிக்குது. ஆனா கை இல்லாத மாதிரி தெரியுது. கை கீதாண்ணே?"

ஜெனிபர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இருக்குப்பா" என்றேன்.

உடனே நிம்மதியாகத் தூங்கிவிட்டான். விழித்ததும் என்னைத்தான் தேடுவான், சார். எத்தனை மணிக்கு விடுவீர்கள்?